அந்தப் பக்கத்துக்கு ஒரு ஜாமீன்

ஷட்டர் அண்ணனைப் பற்றி யாராவது, "அவரை மாதிரி நேர்மையான மனுஷன் உண்டா?" என்று ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இல்லை என்று சொல்ல மாட்டேன். நேர்மையானவர்தான். பதினாறு வருஷம் அவர் கண்ணெதிரே உட்கார்ந்து கேஷ் எண்ணியவள் நான், எனக்குத் தெரியாததா? என் கோபமே அந்த நேர்மையின் மேல்தான். அது என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் கதை முழுசாகும். நல்லதை மட்டும் சொல்லிவிட்டு இறங்க, நான் ஒன்றும் இரங்கல் கூட்டத்தில் மைக் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

எங்கள் வங்கிக் கிளையில் அவர் பியூன். காலை ஒன்பதே காலுக்கு முன்பக்க ஷட்டரைத் தூக்குவார், சாயங்காலம் இறக்குவார். எண்ணெயே காணாத அந்த இரும்பு போடுகிற சத்தத்தில் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கிளை இருந்தது ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், கேட்டிலிருந்து நாற்பதடி தூரத்தில். திறந்ததோ கேட்டுக்கு அந்தப் பக்கத்து ஜனங்களுக்காக. வங்கியே எட்டிப் பார்க்காத இடங்களுக்குக் கடன் போக வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்ததாம். சரி, அந்தப் பக்கமே திறந்திருக்கலாமே என்று கேட்டால், "பாதுகாப்பு" என்றார்கள். பழைய செருப்புக் கிடங்கு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. மழை நாளில் பழைய ரப்பர் நாற்றம் சுவரிலிருந்து கிளம்பி வரும்.

அந்தப் பக்கத்தில் எண்ணூறு வீடு. கொத்தனார், சலவைக்காரர், தையல்காரி, தள்ளுவண்டிக்காரர். ஒருவர் கையிலும் வீட்டுக்குப் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாதவனுக்கு வங்கி எதை நம்பிக் கொடுக்கும்? அந்த விலாசத்தைப் பார்த்தாலே பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். காலையில் தொள்ளாயிரம் கொடுத்து சாயங்காலம் ஆயிரமாகக் கறந்துகொள்ளும் வட்டிக்காரன் ஒருவன்தான் அவர்களுக்கு வங்கி. அவன் ஃபாரம் கேட்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

ஷட்டர் அண்ணன் அந்தப் பக்கத்து ஆள். அங்கிருந்து நிரந்தர வேலைக்கு வந்த முதல் மனுஷன். ஆபீஸ் நேரத்தில் என்னை "மேடம்" என்பார். ஷட்டரை இறக்கிப் பூட்டியதும் "தங்கச்சி" என்பார். பூட்டு விழுந்தால்தான் நான் தங்கச்சி.

முதல் மேனேஜருக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமியாக வேண்டும். செருமல் மேனேஜர் என்றுதான் எங்களுக்குள் பெயர். இந்தக் கிளைக்கு வர எவனும் சம்மதிக்காததால் பாவம், பதினொரு வருஷம் அவருக்கு மாற்றலே கிடைக்கவில்லை. வந்த புதிதில் தங்க வாட்ச் கட்டிய ஒருவனுக்குக் கடன் கொடுத்தார். நாலாம் மாதம் ஆள் கம்பி நீட்டிவிட்டான். அன்றைக்கு ஷட்டர் அண்ணன் என் கவுண்டர் ஓரமாக நின்று முணுமுணுத்தார்.

"அவனா மேடம்? அவன் பொண்டாட்டி காதுல கெடந்ததக் கழட்டிட்டுப் போனவன், அதையே இன்னும் திருப்பித் தரல."

மேனேஜர் காதில் அது விழுந்துவிட்டது.

"யோவ், இத முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சார் கேக்கலையே சார். பியூன் எப்படி வந்து சொல்றது?"

அப்படித்தான் அந்த ஏற்பாடு பிறந்தது. கடன் கேட்டு வந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது 'இவர் எப்படி' என்று பியூனைக் கேட்க முடியுமா? அதனால், வந்தவர் நாணயமான ஆளாக இருந்தால் ஷட்டர் அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பார். இல்லையென்றால் மேனேஜர் மேஜைப் பக்கமே போக மாட்டார். அவ்வளவுதான். தண்ணீர் வந்தால் மேனேஜர் பேனாவைத் திறப்பார். வராவிட்டால் தொண்டையைச் செருமி, "பார்க்கலாம்" என்பார். ஒரு தடவை ஒரு போக்கிரி அவனாகவே, "கொஞ்சம் தண்ணி குடுங்க சார், தொண்டை வறளுது" என்று கேட்டுவிட்டான். ஷட்டர் அண்ணன் வாசலில் நின்றபடியே, "பானை காலிங்க" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்குக் கீழே குனிந்து விழாத நாணயத்தைத் தேடினேன்.

அவருக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சாயங்காலம் வீட்டுக்கு நேர்வழியில் போக மாட்டார், சுற்றிக்கொண்டு போவார். இரவல் வாங்கிய குடையை மழை விட்ட அன்றே திருப்பித் தருகிறவன் யார், வாங்கின பாத்திரத்தைக் கழுவித் தருகிறவள் யார், கூலியாளுக்குச் சொன்ன கூலியைச் சொன்ன நாளில் கொடுக்கிறவன் யார், எல்லாம் அவருக்குக் கணக்கு. பத்திரத்துக்குப் பதிலாக அந்த மனுஷனின் கண் ஜாமீனாக நின்றது. முன்னூறு வீடுகளுக்கு அப்படிக் கடன் போனது. இஸ்திரி வண்டி, பஞ்சர் கடை, செங்கல் சூளையில் பங்கு என்று ஒவ்வொன்றாக எழுந்தது. ஒற்றை மெஷினை நம்பி வந்து உட்கார்ந்த ஒரு தையல்காரி, ஐந்து வருஷத்தில் நாலு மெஷின் போட்டாள். அப்புறம் அவளை எல்லோருமே 'நாலு மெஷின் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். வாராக்கடன் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. தலைமை அலுவலகம் மேனேஜருக்குக் கேடயம் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் போட்டோவுக்கு நின்றபோது, காற்றில் பறந்த ஜன்னல் திரையைப் படத்தில் விழாமல் ஓரமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஷட்டர் அண்ணன்.

யானைக்கும் அடி சறுக்கும். அவர் சறுக்கியது சொந்த மச்சானிடம். மனைவியின் தம்பி சரக்கு வண்டி வாங்கக் கடன் கேட்டு வந்தான். இவர் தண்ணீர் கொண்டு வந்தார். ஆறே மாதத்தில் வண்டியை விற்றுவிட்டு அவன் ஊரை விட்டே ஓடிப்போனான். யாரும் இவரைக் கேட்கவில்லை. மேனேஜரே, "நீங்க ஒண்ணும் கையெழுத்துப் போடலையே, விடுங்க" என்றார். இவர் கேட்கவில்லை. "தண்ணி கொண்டு வந்தது நான்தானே சார்" என்று சம்பளத்திலிருந்து முப்பத்தோரு தவணை கட்டினார். அந்த முப்பத்தோரு மாதமும் அவர் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று எனக்குத் தெரியும், சொல்ல வேண்டாம்.

அதிலிருந்து ஒரு வைராக்கியம். தன் ரத்தம், தன் உறவு யார் கடன் கேட்டு வந்தாலும் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்னால் ரெக்கார்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நல்லவன் என்றும் சொல்ல மாட்டார், கெட்டவன் என்றும் சொல்ல மாட்டார். செருமல் மேனேஜருக்கு இது புரியும். ரெக்கார்டு ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் கண்ணாடித் தடுப்பு வழியாக என்னைப் பார்ப்பார். நான் தலையசைத்தால் கடன் உண்டு. அவருடைய உறவுக்காரர்கள் ஏழு பேருக்கு என் தலையசைப்பில்தான் கடன் கிடைத்தது. இது எந்த நோட்டிலும் இல்லை. எங்கள் மூன்று பேர் தலைக்குள் மட்டும் இருந்தது.

மேனேஜர் ஓய்வு பெற்றார். புதியவரிடம் பொறுப்பை ஒப்படைக்க மூன்று நாள் ஆனது. பெட்டகச் சாவி, முத்திரை, தீயணைப்புக் குழாய், உடைந்த நாற்காலி ஏழு வரைக்கும் பட்டியல் போட்டார். தண்ணீர் விஷயத்தைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஷட்டர் தண்ணி கொண்டு வந்தா கண்ண மூடிட்டுக் குடுங்க. வரலைன்னா சாமியே சொன்னாலும் குடுக்காதீங்க." ரெக்கார்டு ரூம் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டார். மனுஷன்தானே, மறந்துவிட்டார்.

புது மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும், அவர் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். சுறுசுறுப்பான பிள்ளை. வந்த இரண்டாம் வாரம், ஒரு விதவையின் கடனைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொல்லப்போக, வரிசையில் நின்ற பத்துப் பேர் முன்னால், "மேடம், கேஷ்ல இருக்கறவங்க கேஷைப் பாருங்க. கடன் என் டேபிள்" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி இந்த ஆள் டேபிளில் தீயே பிடித்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று மனசுக்குள் சபதம் போட்டேன். பெரிய வீராங்கனை நான்!

அந்த மாதம்தான் ஷட்டர் அண்ணனின் ஒரே மகள் வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஆறு வருஷம் வேலை செய்த நர்ஸ். அந்தப் பக்கத்தில் ஒரு பிரசவ நிலையம் வைக்க வேண்டும் என்பது அவள் திட்டம். நாலு படுக்கை, இரண்டு நர்ஸ், வாரத்துக்கு இரண்டு நாள் வந்து பார்க்க ஒரு டாக்டரம்மா. ஏன் தேவை என்று அவள் வாயால் சொல்லவில்லை, நோட்டுப் போட்டு எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே வழி ரயில்வே கேட். ஒரு வருஷம், தினமும், கேட் எத்தனை மணிக்குச் சாத்தினார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று ஆள் வைத்துக் குறித்திருந்தாள். சராசரியாக ஒரு நாளில் நாலு மணி நேரம் அந்தப் பக்கத்து ஜனத்துக்கு ஆஸ்பத்திரியே கிடையாது. இரண்டு வருஷத்தில் பதினொரு குழந்தைகள் கேட் முன்னால் வண்டியிலேயே பிறந்திருந்தன. மூன்று பிழைக்கவில்லை. வாடகை, கட்டில், மருந்து, மாத வருமானம், திருப்பிக் கட்டும் தவணை எல்லாம் கட்டம் கட்டி எழுதியிருந்தாள். என் சர்வீஸில் அப்படி ஒரு ஃபைல் நான் பார்த்ததில்லை.

முந்தின நாளே வீட்டில், "நாளைக்கு உங்க பேங்குக்கு வரேம்ப்பா" என்று சொல்லியிருக்கிறாள். "வா. பேங்க் எல்லாருக்கும் பொது" என்றாராம். பெற்ற மகளுக்குச் சொன்னது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. அவள் உள்ளே நுழைந்ததும் ஷட்டர் அண்ணன் சாவிக்கொத்தை எடுத்தார். ரெக்கார்டு ரூம் கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் மேனேஜர் ஃபைலைப் புரட்டுகிறார், தலையாட்டுகிறார், பென்சிலால் கோடு போடுகிறார். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். இப்படி ஒரு கடனைத்தானே தேடிப் பிடிக்கச் சொல்லி மேலிடம் அவரை வாரா வாரம் குடைந்துகொண்டிருந்தது! கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. மணியை அடித்தார். இன்னொரு தடவை அடித்தார். ரெக்கார்டு ரூம் கதவு திறக்கவில்லை.

என் கையில் பாதி எண்ணிய நோட்டுக் கட்டு. நான் எழுந்தேன். பாதி எழுந்தேன் என்று சொல்ல வேண்டும். 'கேஷைப் பாருங்க' என்று அவர் சொன்னது நெஞ்சில் முள்ளாக நின்றது. கண்ணாடி வழியாக அவர் என்னைப் பார்த்திருந்தால்கூடத் தலையசைத்திருப்பேன். என்னைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நான் மறுபடி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எண்ணினேன்.

மேனேஜர் ஃபைலை மூடினார்.

"பார்க்கலாம்மா. எதுக்கும் ஒரு தடவை வீட்ல அப்பாகிட்ட பேசிட்டு வாங்க."

"அப்பாகிட்டயா? ஃபைல்ல ஏதாவது குறையா சார்?"

"ஃபைல்ல இல்லம்மா. அவருக்குத் தெரியும்."

அவள் வெளியே வந்து ரெக்கார்டு ரூம் கதவுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றாள். தட்டுவாள் என்று நினைத்தேன். தட்டவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்துவிட்டுப் போனாள்.

மூன்று நாள் கழித்து மேனேஜரே என்னிடம் வந்து, "பாவமா இருந்துச்சு மேடம். ஆனா பெத்த அப்பனே தண்ணி கொண்டு வரலைன்னா நான் எந்த தைரியத்துல குடுப்பேன்?" என்றார். எல்லாவற்றையும் கொட்டினேன், மச்சான் கதை, ரெக்கார்டு ரூம், என் தலையசைப்பு எல்லாம். "யாருமே சொல்லலையே! நிராகரிச்சாச்சுன்னு அன்னைக்கே மேல அனுப்பிட்டேனே. இனிமே ஆறு மாசத்துக்கு எடுக்க மாட்டாங்க" என்றார்.

ஓடிப்போய் ஷட்டர் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வேணாம்னு சொல்லலையே தங்கச்சி. ஒண்ணுமே சொல்லாம இருந்தேன், அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணா?"

ஷட்டர் திறந்திருக்கும்போது அவர் என்னைத் தங்கச்சி என்றது அதுதான் முதல் தடவை.

"அது உங்களுக்கும் எனக்கும்தாண்ணே தெரியும். அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? உங்க மகளுக்கு எப்படித் தெரியும்? அப்பாதான் கெடுத்துட்டாருன்னு நெனச்சிட்டுப் போயிருக்கா. இன்னைக்கே போய்ச் சொல்லுங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி எழுதிப் போடட்டும்."

"போட்டா மறுபடி என்னைத்தானே கேப்பாங்க? என் மகளுக்கு நானே சாட்சியா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நாலு பேரு பேசட்டுமே! உங்க வீட்ல அடுப்பு எரியாதப்போ எந்த நாலு பேரு வந்து நின்னாங்க?"

அவர் எழுந்து போய்க் கவுண்டர் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். 'ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில்' என்பார்கள். இந்தப் பல்லி விழுந்ததோடு நிற்கவில்லை, மகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது.

அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அப்பன் பிடிவாதம் மகளுக்கு இருக்காதா? மூன்று வாரத்தில் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றோடு நாலு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். கிளம்புகிற அன்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். அப்பாவைப் பார்த்து, "வரேன்" என்றாளாம். அவர் தலையாட்டினாராம். அன்றைக்கு ஷட்டர் பத்து நிமிஷம் தாமதமாக ஏறியது.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், வங்கி ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வேன். தண்டவாளத்தில் சரக்கு ரயில் நின்றுவிட்டது. சிக்னல் கிடைக்கவில்லை. வேனுக்குள் நாலு மெஷின் அக்காவின் மகள், தலைப் பிரசவம், இருபத்தொரு வயசு. யாரோ கத்தியது கேட்டு ஷட்டர் அண்ணன் ஓடினார். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டார். நானும் கேட் வரைக்கும் ஓடினேன். கேட்கீப்பர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுகிறான், அவனால் என்ன செய்ய முடியும்? நாற்பது நிமிஷம். நின்ற சக்கரங்களுக்கு நடுவே எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். முதலில் எல்லாக் கால்களும் ஓடின. அப்புறம் எல்லாமே நின்றுவிட்டன. ரயில் நகர்ந்தபோது யாருக்கும் அவசரம் இல்லை. தாயும் போய்விட்டாள், குழந்தையும் போய்விட்டது.

நாலு மெஷின் அக்கா யாரையும் சபிக்கவில்லை. ஷட்டர் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு மட்டும் இங்க இருந்திருந்தா அண்ணே…" என்றாள். மேலே சொல்லவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது, அந்தச் செவ்வாய்க்கிழமை தெரியாது. அவள் ஏக்கத்தில் சொன்னதுதான் அது. அந்த மனுஷன் அதற்கப்புறம் நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை.

புது மேனேஜர் தலைமை அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டார். ஒன்பதே நாளில் கடன் சாங்ஷன், அதுவும் குறைந்த வட்டியில். செத்தால்தான் இவர்களுக்குக் கை நீளும்! நாம் தவணை கட்ட ஒரு நாள் தாமதித்தால் அபராதம் போடுகிறார்களே, அவர்கள் கொடுக்க எட்டு மாதம் தாமதித்ததற்கு யார் அபராதம் கட்டுவது? இந்தப் பாழாய்ப்போன வங்கியில்தான் நானும் சம்பளம் வாங்கினேன், என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். பத்திரம் இல்லாத ஜனத்தின் நாணயத்தைத் தெரிந்துகொள்ள ஒரு பியூனின் மனசை ஓசியில் உபயோகித்தார்கள். அந்த மனசு எப்போது வாயை மூடிக்கொள்ளும் என்று ஒரு வரி எழுதி வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

மகளுக்குக் கடிதம் போனது. அவள் பதிலில் இரண்டே வரி இருந்தது: ஒப்பந்தம் முடிய மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கிறது, நன்றி.

ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்தாள். ஷட்டர் அண்ணன் ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் கடன் வாங்கவில்லை. "உங்க பேங்க் மட்டும் வேணாம் அத்தை" என்றாள். சேர்த்துக் கொண்டுவந்த பணத்தில், நாலு படுக்கை நினைத்த இடத்தில் இரண்டு படுக்கை போட்டு அந்தப் பக்கத்தில் திறந்தாள். அதன் பின்னறையிலேயே தங்கிக்கொண்டாள். அப்பா இருக்கிற வீடு நாலு தெரு தள்ளித்தான். அம்மா தினமும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அங்கே போவார். தெரு முனை வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வருவது ஷட்டர் அண்ணன். முனையில் மனைவி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. "உள்ள போனாத்தான் என்னண்ணே?" என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "அவ கூப்பிடட்டும் தங்கச்சி" என்பார். அவளிடம் கேட்டால், "அவர் வரட்டும் அத்தை" என்பாள். இரண்டு கழுதைகளையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் நான். செய்யவில்லை.

போன மாதம், ஒரு மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஷட்டர் அண்ணன் போய்விட்டார். மகள் ஓடி வந்தாள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியாதா? இருந்தும் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அம்மா வந்து விரல்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். இரண்டு கட்டிலிலும் பிள்ளை பெற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னறையில் உட்கார்ந்தோம். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, உறவுக்கு வாய் திறப்பதில்லை என்ற வைராக்கியம்தான், நான் எழுந்து வந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, என்னைத் திட்டு என்றேன்.

"தெரியும் அத்தை" என்றாள். "வெளிநாட்டுல இருந்தப்பவே உங்க மேனேஜர் லெட்டர்ல எல்லாத்தையும் எழுதிட்டாரு."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் பேசாம இருந்த?"

"தெரிஞ்சதாலதான் அத்தை. கெடுதலா நெனச்சு வேணாம்னு சொல்லியிருந்தாக்கூட, என்னைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருன்னு சண்டை போட்டுட்டு முடிச்சிருப்பேன். என்னை நல்லாத் தெரியும் அவருக்கு. தெரிஞ்சும் கதவச் சாத்திக்கிட்டாரு. ஊர்ல இருக்கறவன் பொண்ணா இருந்தா எனக்காக வந்து நின்னிருப்பாருல்ல? உண்மையத்தானே சொல்லப் போறாரு. என்னைப் பத்தின உண்மையச் சொன்னா அவர் நேர்மை எங்க அத்தை கெட்டுப்போகும்?"



உள்ளே ஒரு குழந்தை சிணுங்கியது. அவள் எழுந்து போய்த் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள். உட்கார்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, இத்தனை வருஷம் கூடவே வேலை பாத்தீங்க. அப்பா உங்ககிட்டயாவது என்னைப் பத்தி நல்லதா ஏதாவது சொல்லியிருக்காரா?"

"சொல்லாம இருப்பாரா? நெறைய சொல்லியிருக்காரும்மா" என்றேன்.

"என்ன சொன்னாரு? ஒண்ணு சொல்லுங்க, போதும்."

பதினாறு வருஷத்தைத் தேடினேன். இஸ்திரி வண்டிக்காரனைப் பற்றி, பஞ்சர் கடைக்காரனைப் பற்றி, நாலு மெஷின் அக்காவைப் பற்றி, முன்னூறு வீட்டைப் பற்றியும் அவர் சொன்ன ஒவ்வொரு நல்ல வார்த்தையும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. மகளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை நான் தேடிக்கொண்டே இருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் கையை மெதுவாக விட்டுவிட்டு, "பரவால்ல விடுங்க அத்தை" என்றாள்.